தும்பிக்கை வைத்த எழுத்து

ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாகத் துப்பறிய வந்த கதை 1887-இல் வெளியானது. கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்துவிட்டு, கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று அவர் சொல்லிவிடுவார். அந்தச் சுருட்டுக்குப் பேர்போன ஊர் உறையூர். சாம்பலைப் பார்த்து ஊரைச் சொல்ல முடிந்தால், கடை போர்டைப் பார்த்து வருஷத்தைச் சொல்ல முடியாதா? முடியும். சினிமா செட்டுக்குக் கையால் போர்டு எழுதுகிறவரின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

உறையூரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டினால் திருவானைக்காவல். யானை பூஜித்த தலம். அந்த ஊர்ப் பெயரில் வரும் 'னை' என்ற எழுத்து ஐம்பது வருஷத்துக்கு முன்பு இப்படி இருக்காது. எழுத்தின் தலைமேல் ஒரு வளைவு ஏறி, யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல் நிற்கும். 'ணை', 'லை', 'ளை' மூன்றும் அதே ஜாதி. 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தின் வாலோடு சேர்ந்தே கீழே சுருண்டுகொள்ளும். ஒகர, ஓகார வரிசையிலும் அதே கதை. மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் இவற்றைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணை பிறப்பித்து அந்தச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பாடப்புத்தகம், அரசிதழ், செய்தித்தாள் எல்லாம் வரிசையாக மாறின.

கடை போர்டு மட்டும் ஒரே நாளில் மாறவில்லை. எனாமல் உரியும்வரை பழைய 'லை'தான். ஆணை வந்தது என்பதற்காக எந்தக் கடைக்காரர் காசு கொடுத்து மறுபடி எழுதுவார்?

திருச்சிப் பக்கம் எழுத்து விஷயத்தில் எப்போதுமே வளமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. மகாலிங்கம் தலைமையில் 1960-களில் உறையூரில் அகழாய்வு நடந்தபோது தமிழ்ப் பிராமி கீறிய பானையோடுகள் கிடைத்தன. துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டியும் கிடைத்தது. எழுத்தும் சாயமும் ஒரே ஊர் மண்ணுக்கடியில் இருந்திருக்கின்றன. மலைக்கோட்டையின் மேல் குடைவரையில் மகேந்திரவர்ம பல்லவனின் விருதுப் பெயர்களும் கல்வெட்டும் இருக்கின்றன. அவனுக்கு இருந்த பட்டங்களில் ஒன்று 'சித்திரகாரப்புலி'. ஸ்ரீரங்கம் கோயில் மதில்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். கல்வெட்டு வாசிப்பவர்கள் அரசன் பெயர் சிதைந்திருந்தால் எழுத்தின் வடிவத்தை வைத்தே நூற்றாண்டைக் கணிப்பார்கள். போர்டு விஷயத்திலும் கணக்கு அதேதான். நூற்றாண்டுக்குப் பதில் பத்தாண்டு.

சினிமா இந்த ஊருக்குள் நுழைந்ததும் வரைபலகை வழியாகத்தான். சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். 1905-இல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்ப நினைத்தவரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து இயேசுவின் வாழ்க்கையை ஓட்டிக் காட்டினார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவர்தான். டிராஃப்ட்ஸ்மேன் வரைபடத்தில் கோடு எவ்வளவு முக்கியமோ, ஓரத்தில் எழுதும் எழுத்தும் அவ்வளவு முக்கியம். தென்னிந்தியாவின் முதல் நாடோடி சினிமாக்காரர் அப்படி எழுத்துக்குக் கை பழகிய ஒருவர்.

பேசாப்படக் காலத்தில் எழுத்துக்குத் திரையிலேயே வேலை இருந்தது. நடராஜ முதலியார் 1910-களின் பிற்பாதியில் எடுத்த 'கீசக வதம்' படத்துக்கு ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றிலும் எழுத்து அட்டைகள் போட்டார்கள். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே அந்த அட்டைகள்தான் வசனம் பேசின. 1931-இல் பேசும்படம் வந்ததும் அட்டைகள் போய்விட்டன. எழுத்து, கதாபாத்திரத்துக்கு முதுகுப்புறம் போய் நின்றது. கடை போர்டு, கோர்ட் பலகை, ரயில்வே ஸ்டேஷன் பெயர், கல்யாண வீட்டு வரவேற்புத் தட்டி. யாரும் வேண்டுமென்று பார்ப்பதில்லை. தப்பாக இருந்தால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும்.

செட் வேலைக்கு அடித்தளம் போட்டது நாடகமேடை. அரண்மனை, தெரு, காடு, சிறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 'சீன்' படுதா. பார்சி நாடகக் கம்பெனிகள் வந்து போனபின் தமிழ்க் கம்பெனிகளும் படுதாவுக்குப் பணத்தைக் கொட்டின. கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்', நவாப் ராஜமாணிக்கம் குழுவின் பிரமாண்டமான காட்சியமைப்பு ஆகியவற்றை அந்தத் தலைமுறை வாய் ஓயாமல் பேசியது. காலண்டர் ஓவியத்தில் பேர் வாங்கிய கோவில்பட்டி கொண்டையராஜு நாடகத்துக்குச் சீன் எழுதியவர்தான். படுதா வரைவதையும் 'எழுதுவது' என்றே சொல்வார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழில் சித்திரமும் எழுதப்படுவதுதான்.

திருச்சி அந்த நாடக உலகத்தின் முக்கியமான ஊர். ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேசய்யரின் ரசிக ரஞ்சனி சபா அங்கேதான் நடந்தது. சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1934-இல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்குப் போனார். 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாஜி கணேசனும் நாடகக் கம்பெனி வழியாக வந்தவர்தான். மேடையிலிருந்து நடிகர்கள் ஸ்டூடியோவுக்குப் போனபோது படுதா எழுதிய கைகளும் கூடவே போயின.

ஸ்டூடியோவுக்குப் போகாத கைகள் ஊரில் போர்டு எழுதின. கெயிட்டி, பிரபாத் போன்ற திருச்சி தியேட்டர்களுக்குத் தட்டியும் பேனரும் தேவைப்பட்டன. பெரிய கடை வீதிக்குப் பெயர்ப்பலகை தேவைப்பட்டது. சுருட்டுக்கும் கைத்தறிக்கும் சுவர் விளம்பரம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் போர்டின் வலது மூலையில் பொடி எழுத்தில் ஏதோ ஒரு 'ஆர்ட்ஸ்' இருக்கும். கையெழுத்தும் அதுவே, விளம்பரமும் அதுவே.

வேலை வெளியிலிருந்து பார்க்கச் சுலபம்போல் தெரியும். தகரத்தைச் சுரண்டி, துருப் பிடிக்காமல் ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் இரண்டு கை எனாமல். அது காய்ந்ததும் நூலில் சாக்பீஸ் பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் வரி விழும். சாக்பீஸால் எழுத்துகளை இடம் பார்த்து அமைத்துக்கொண்டு, பிறகுதான் பிரஷ். இடது கையில் துணி சுற்றிய குச்சியைப் போர்டில் ஊன்றி, அதன்மேல் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொள்வார்கள். உள்ளே நிரப்பி, ஓரம் கட்டி, ஒரு பக்கம் மட்டும் நிழல் கொடுத்தால் எழுத்து தகரத்திலிருந்து எழும்பி நிற்கும். மெல்லிய கோட்டுக்கு ஒரு காலத்தில் கீரி முடி பிரஷ் வைத்திருந்தார்கள். கீரி முடி வியாபாரம் இன்று வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

தமிழ் எழுத்துக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. 'உறையூர்' என்று ஒரு போர்டு எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கே எழுத்து. 'உ' அகலமாகக் காலை நீட்டி உட்காரும். 'றை' இரண்டு எழுத்தின் இடத்தைக் கேட்கும். 'யூ'வின் வால் வரிக்குக் கீழே இறங்கும். 'ர்' ஒல்லி, ஆனால் தலைமேல் புள்ளி வைக்க இடம் விட வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் சமமாகக் கட்டம் போட்டுப் பிரித்தால் பல் விழுந்த வாய்போல் இருக்கும். இடைவெளியைக் கண்ணால்தான் அளக்க வேண்டும். அளக்கத் தெரிந்தவரை ஊர் 'கை சுத்தம்' என்று சொல்லும்.

எழுத்துக்காக அடிதடியே நடந்த ஜில்லா இது. 1952 ஆகஸ்டில் ரயில் நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தைத் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் நடத்தின. அடுத்த ஆண்டு ஜூலையில் டால்மியாபுரம் ஸ்டேஷன் பலகையின் மேல் 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டி, தண்டவாளத்தில் படுத்தார் மு. கருணாநிதி. துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். கருணாநிதி திருச்சிச் சிறைக்குப் போனார். 1956 மே மாதம் திருச்சி மாநாட்டில்தான் தேர்தலில் நிற்பது என்று தி.மு.க. முடிவெடுத்தது. அதற்குப் பின் வந்த தேர்தல்களில் தமிழ்நாட்டுச் சுவர்களே பெரிய போர்டுகளாயின. பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க 1959-இல் தனிச் சட்டம் வந்தது என்றால், சுவர் எழுத்து எந்த அளவுக்குப் பெருகியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

இதில் செட் எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. 'விடுதலை' நாளேடு 1978-க்கு வெகு காலம் முன்பிருந்தே சீர்திருத்த எழுத்தில் வந்தது. ஆகவே 1950-களின் தெருவைச் செட் போட்டால், மளிகைக் கடையில் தும்பிக்கை வைத்த 'லை' இருக்க வேண்டும்; பக்கத்துச் சுவரில் திராவிடர் கழகக் கூட்ட அறிவிப்பு இருந்தால் அதில் புதிய 'லை' இருக்கலாம். ஒரே எழுத்தின் இரண்டு வடிவம் இரண்டு அரசியலைச் சொல்லிவிடும். வசனம் தேவையில்லை.

எழுத்தின் வடிவத்தோடு கணக்கு முடிவதில்லை. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நயா பைசா வந்தது. அதற்கு முந்தைய கதையில் காப்பிக் கடை விலைப்பலகை அணாவில் இருக்க வேண்டும். 1969 பொங்கலுக்கு முன் அரசு அலுவலகப் பலகையில் 'தமிழ்நாடு' என்று இருக்க முடியாது. பழைய போர்டுகளில் ஊரின் பெயரே 'திருச்சினாப்பள்ளி', ஆங்கிலத்தில் 'ட்ரிச்சினாபொலி'. மஞ்சள் நிற எஸ்.டி.டி. பூத் போர்டு 1970-களின் தெருவில் தலைகாட்டினால் தொலைந்தது. கடைப்பலகையில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்று அரசு விதி சொல்லும் விகிதமும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. வெள்ளைக்காரன் காலத்துத் தெருவில் ஆங்கிலம்தான் பெரிதாக நிற்கும்.

தமிழ் சினிமா இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட வேண்டியிருந்தது காலப் படங்கள் பெருகிய பிறகு. 'நாயகன்' (1987) படத்துக்குத் தோட்டா தரணி தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் எழுப்பித் தேசிய விருது வாங்கினார். சென்னைக்குள் ஒரு பம்பாய்த் தெரு என்றால் அந்த ஊர் எழுத்தும் வந்தாக வேண்டும். 'இருவர்' (1997) கதை அரசியலும் சினிமாவும் பிணைந்தது. கலை இயக்குநர் சமீர் சந்தா. 'மதராசபட்டினம்' (2010) படத்துக்கு வி. செல்வகுமார் டிராம் ஓடிய மதராஸை உருவாக்கினார். பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படத்தில் தலைவர் படம் எழுதிய சுவர்தான் கதையே. அதே இயக்குநரின் 'சார்பட்டா பரம்பரை' (2021) நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னையில் நடக்கிறது. 1978-க்கு முந்தைய தெரு அது. இரண்டுக்கும் கலை இயக்குநர் த. ராமலிங்கம்.

இவற்றில் நுணுக்கமான ஆண்டு 'சுப்ரமணியபுர'த்துடையது. 2008-இல் வந்த அந்தப் படத்துக்குக் கலை இயக்குநர் ரெம்போன். கதை நடப்பது 1980, மதுரை. ஆணை வந்து இரண்டே வருஷம். அந்த ஆண்டின் உண்மையான தெருவில் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் கலந்தே இருந்திருக்கும். வெற்றிலை பாக்குக் கடையின் 'இன்று ரொக்கம் நாளை கடன்' பழைய 'ளை'யில் இருக்கும். போன மாசம் எழுதிய சுவர் விளம்பரம் புதிய 'ளை'யில் இருக்கும். எந்த போர்டு எத்தனை வருஷம் வெயில் பார்த்தது என்பதை முடிவு செய்த பிறகே எழுத்தை முடிவு செய்ய முடியும்.

செட்டில் வேலை தலைகீழ். கடைக்காரருக்கு எழுதும்போது பளிச்சென்று, அழகாக, நாள்பட நிற்கும்படி எழுத வேண்டும். செட்டில் எழுதியதைக் கெடுக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, கரிப்புகையும் மண்ணிறத் தண்ணீரும் பூசி, ஆணி அடித்த இடத்தில் துரு வழிந்தமாதிரி ஒரு கோடு இழுப்பார்கள். 'ஏஜிங்' என்று அதற்குப் பெயர். அதைவிடக் கடினம், தன் கையை மறைப்பது. இருபது கடை உள்ள தெருவை ஒரே ஆள் எழுதினால் இருபது போர்டும் அண்ணன் தம்பிபோல் இருக்கும்; தெரு பொய்யாகிவிடும். ஜவுளிக் கடைக்கு ஒரு தேர்ந்த கை. சைக்கிள் கடைக்கு ஒரு கற்றுக்குட்டிக் கை. டீக்கடைக்காரர் தானே எழுதியதுபோல் ஒரு கோணல், முடிந்தால் ஒரு சந்திப்பிழை. நன்றாக எழுதத் தெரிந்தவர்தான் சரியாக மோசமாக எழுத முடியும்.

அயல்நாட்டில் இதைத் தனித் துறையாகவே நடத்துகிறார்கள். 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' (2014) படத்துக்கு எழுத்து வேலை பார்த்த ஆனி அட்கின்ஸ், கேக் பெட்டியில் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டதையும், படம் முடிந்தபின் அதைக் கணினியில் திருத்த நேர்ந்ததையும் தானே சொல்லியிருக்கிறார். தமிழ்ப் பட டைட்டிலில் கலை இயக்குநர் பெயர் வரும். போர்டு எழுதியவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

பேனர் உலகம் கொஞ்சம் வெளிச்சம் பெற்றது. எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் எழுதியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கோவையில் தந்தை தொடங்கிய 'சினி ஆர்ட்ஸ்' பட்டறையில் வளர்ந்த ஓவியர் ஜீவா, சினிமா பற்றி எழுதிய 'திரைச்சீலை' நூல் தேசியத் திரைப்பட விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. எழுத்து மட்டும் எழுதியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

2000-களின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் வந்தது. நான்கு நாள் எழுத வேண்டிய பேனர் சில மணி நேரத்தில் மெஷினிலிருந்து சுருண்டு விழுந்தது. தியேட்டர் போனது, கட்சி போனது, கடைசியில் கடை போர்டும் போனது. எழுதினவர்களில் சிலர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். சிலர் கணினி கற்றுக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடையிலேயே உட்கார்ந்தார்கள். 2009 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரைக் கிழித்துவிட்டு ஓவியம் தீட்டச் சொன்னபோது பேனர் ஓவியர்களுக்குக் கொஞ்ச காலம் வேலை கிடைத்தது. வடக்கே ஹனீஃப் குரேஷி என்ற வடிவமைப்பாளர் தெரு பெயின்டர்களின் எழுத்துகளைச் சேகரித்து, அவற்றைக் கணினி எழுத்துருக்களாக மாற்றும் முயற்சியைத் தொடங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், தெருவிலிருந்து துரத்தப்பட்ட கைக்குச் செட்டில்தான் இன்னும் வேலை இருக்கிறது. காரணம் பழமை மேல் பாசம் அல்ல, கணினியின் போதாமை. யூனிகோடில் பழைய 'லை'க்குத் தனி இடம் கிடையாது. எழுத்துருவை வடிவமைப்பவர் மெனக்கெட்டு உள்ளே வைத்தால்தான் உண்டு. பெரும்பாலான எழுத்துருக்களில் இல்லை. தும்பிக்கை வைத்த எழுத்தைப் பற்றிப் பேசும் இந்தக் கட்டுரையிலேயே அந்த எழுத்தை அச்சில் காட்ட முடியாமல் விவரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு முறை பார்த்து, கை பழகிய பெயின்டர் பிரஷ்ஷை முக்கி ஒரே இழுப்பில் போட்டுவிடுவார். 1978-இல் இருபது வயதில் தொழில் செய்தவருக்கு இன்று அறுபத்தைந்து தாண்டிவிட்டது. இப்போது செட்டுக்கு வரும் இளைஞர்களுக்குப் பழைய போட்டோவும் பழைய பட போஸ்டரும்தான் பாடம். நெகட்டிவ் மங்கியிருந்தால் பாடமும் மங்கல்தான்.

உறையூருக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. ஊரைச் சுற்றியுள்ள பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: சாலை ரோடு, தில்லை நகர், மலைக்கோட்டை, திருவானைக்காவல். அத்தனையிலும் மாறிய எழுத்து இருக்கிறது. விலாசம் எழுதிய எந்தப் பழைய போர்டும் அந்த வளைவைத் தாங்கியே நின்றிருக்க வேண்டும். சாலை ரோட்டிலோ பெரிய கடை வீதியிலோ ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலோ கடை வைத்திருப்பவர்கள், புதிய ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் தாத்தா காலத்துத் தகர போர்டு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் நேராக நின்று ஒரு போட்டோ எடுங்கள். எழுதிய வருஷம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால் குறித்து வையுங்கள். மூலையில் ஏதாவது ஒரு 'ஆர்ட்ஸ்' என்று இருந்தால் அதையும் சேர்த்து.